வெற்றுக் குப்பி

ஒரு மாடு ஒரு தடவை நின்று பெய்வது
ஏறக்குறைய இரண்டு லிட்டர்.
அது எங்கே போகிறது என்று பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

நியூசிலாந்தின் தென்கோடி. ஏப்ரல் கடைசி.
புல்லின்மேல் உறைபனி.
இன்னிஸ் டால்கிளீஷின் மேய்ச்சல் நிலத்தில்
மண்டியிட்டு, ஓர் இரும்பு உருளையை
விரற்கடை விரற்கடையாக மண்ணுக்குள் இறக்குகிறோம்
நானும் சியோனேயும்.
உள்ளே எதுவும் கலையக் கூடாது:
புல், க்ளோவர், மண்புழு போன வழி,
எப்போதோ செத்த வேர் விட்டுப்போன பொந்து,
எல்லாம் இருந்தது இருந்தபடி
மேலே வர வேண்டும்.
உருளைக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள சந்தில்
வாஸலினை உருக்கி ஊற்றுவோம்.
தண்ணீருக்குக் குறுக்குவழி தேடும் புத்தி உண்டு.

தலையில் இரண்டு லிட்டர் மூத்திரம் ஊற்றி,
அடியில் ஒரு குப்பி வைத்து,
குளிர்காலம் முழுக்கக் காத்திருப்பது ஆராய்ச்சி.
என் அம்மாவிடம் இதை
வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறேன்.

மேட்டில் ஏறிப் பார்த்தால் தெரியும்,
மாடு பெய்த இடமெல்லாம் கரும்பச்சைத் திட்டு.
"எப்படிச் செழிக்கிறது பார்த்தீர்களா"
என்பார் இன்னிஸ், தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி.
செழிப்புத்தான். மறுக்கவில்லை.
புல் தன் வாய் கொண்ட மட்டும் குடிக்கிறது.
மிச்சம் நைட்ரேட்டாகி
மழையோடு மழையாகக்
கீழே போகிறது.
கீழே என்பதும் ஓர் இடம்.

செப்டம்பரில் குப்பிகளைச் சோதனைக்கு அனுப்பினேன்.
ஒவ்வொரு கட்டோடும் ஒரு வெற்றுக் குப்பி போகும்:
கழுவி, வடிநீர் நிரப்பி, மூடி, எண்ணிட்டு.
பூஜ்யம் சொல்வது அதன் வேலை.
அது பதினான்கு என்றது.
குடிநீருக்கே வரம்பு பதினொன்று சொச்சம்.

சியோனேமேல் பாய்ந்தேன்.
டோங்காக்காரன், வாசலை நிறைக்கும் உடம்பு.
அசையாமல் நின்று கேட்டுக்கொண்டான்:
அழுக்குக் கை, அவசரக் கை,
ஐந்து மாத உழைப்பில் மண்ணள்ளிப் போட்ட கை.
பிறகு களக் குறிப்பேட்டைத் திறந்து
என் கையெழுத்தின்மேல் விரலை வைத்தான்.

'வடிநீர் தீர்ந்துவிட்டது. இருட்டுகிறது.
வெற்றுக் குப்பிக்கு
டால்கிளீஷ் வீட்டு அடுக்களைக் குழாய்.'

அவனிடம் மன்னிப்புக் கேட்க
ஒரு நிமிடம் போதுமாயிருந்தது.
மற்றதற்கு அந்த இரவு போதவில்லை.
அதே குழாயில்தான் மருமகள் ரங்கிமாரி
எனக்குத் தேநீர் வைக்கத் தண்ணீர் பிடித்தாள்.
ஏழாம் மாதம்.
கோப்பையை வயிற்றின்மேல் நிறுத்திக் காட்டிச் சிரித்தாள்.
நாளைக்குப் பால்பொடியும்
இந்தத் தண்ணீரில்தான் கரையும்.

மூன்று முறை சோதித்துவிட்டுத்தான் போனேன்.
பதினான்கு. பதினான்கு. பதினைந்து.
இன்னிஸ் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.
"இது எந்த வருடத்துத் தண்ணீர்?"
அப்படிக் கேட்டவர் அதுவரை யாருமில்லை.
ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய மழை, என்றேன்.
அவர் உதடு கணக்குப் போட்டது.
"ஆடுகளை விற்று மாடு வாங்கின வருடம்."
பிறகு, "இன்றைக்கே நிறுத்தினால்?"
இன்னும் ஏழெட்டு வருடம் வந்துகொண்டிருக்கும்.
வழியில் இருக்கிறது.

எழுந்து போய்,
சொட்டாத குழாயை இன்னொரு திருகு இறுக்கினார்.

அடுத்த வாரம் வாசலில் நீலக் கேன்கள், பதினாறு.
யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
வேலியோரம் நடந்தோம். எத்தனை மாடு குறைக்கலாம்,
வங்கி என்ன சொல்லும்,
எந்த வயலைக் குளிர்காலத்தில் சும்மா விடலாம்
என்று அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.
பத்தடி தள்ளி ஒரு மாடு வாலைத் தூக்கியது.
இருவரும் பேச்சை நிறுத்தி
அது முடியும்வரை நின்றோம்.

"இரண்டு லிட்டர்" என்றார்.

கொஞ்சம் கூடவே இருக்கும்.
நான் எழுதிக்கொள்ளவில்லை.